கத்திரி அக்காவின் பேசில் ஜன்னல்

விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு உனக்குத் தண்ணி கிடையாது" என்கிறார் கத்திரி அக்கா. அடுத்த தொட்டிக்குப் போய், "நீ வாடிப்போன மாதிரி நடிக்காத. சரி, ஒரு வாய் குடி" என்று டம்ளரைச் சாய்க்கிறார். கடையின் இரும்புக் கதவு பாதிதான் தூக்கியிருக்கிறது. தெருவில் போகிறவர்களுக்கு அக்காவின் செருப்பும் கணுக்காலும் மட்டும் தெரியும். அந்த நேரத்தில் யாராவது குனிந்து, "அக்கா, கடை திறந்தாச்சா?" என்று கேட்டால் உள்ளிருந்து ஒரே பதில்தான் வரும்.

"இலைக்குத் திறந்தாச்சு. தலைக்கு இன்னும் இல்ல."

பெண்களுக்கு முடி வெட்டும் கடை அது. முன்பக்கம் இரண்டு சுழல் நாற்காலி, எதிரே இரண்டு கண்ணாடி, தலை அலச ஒரு பீங்கான் தொட்டி. பின்பக்கம் சமையலறை. மாடியில் வீடு. மற்ற கடைகளில் ஜன்னலில் அழகிகளின் படத்தை ஒட்டிவைப்பார்கள். இங்கே தலைச்சாயம் வந்த காலி டப்பாக்கள் அடியில் ஓட்டை போடப்பட்டு வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் பேசில் என்ற வாசனை இலைச் செடி ஒன்று. காலை வெயில் நேராக அந்த ஜன்னலில் வந்து விழும். கதவைத் திறந்ததும் ஷாம்பு வாசனையை முந்திக்கொண்டு அந்த இலையின் வாசனைதான் வரும். கொஞ்சம் கிராம்பு, கொஞ்சம் எலுமிச்சை, மீதி என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு பச்சை.

செடியைப் பற்றிப் பேசினாலும் அக்காவுக்குத் தொழில் பேச்சுதான் வரும். "மேல மேலன்னு வளந்தா அது செடியில்ல, கொடிக்கம்பம். உச்சியில ஒரு வெட்டு விழுந்தாத்தான் பக்கத்துல அடர்த்தி கூடும்" என்பார். பேசிலின் தண்டில் இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும். ஒரு ஜோடிக்குச் சற்று மேலே கத்திரியை வைத்து ஒரே வெட்டு. சில நாளில் அந்த இரண்டு இலைகளின் இடுக்கிலிருந்தும் ஆளுக்கொரு கிளை கிளம்பிவிடும். மொட்டு தலைகாட்டினால் மட்டும் இரக்கமே கிடையாது. "பூ வச்சுட்டா இலை கசந்துடும். அதுக்குக் கல்யாண ஆசை வர்றதுக்குள்ள நுனிய வெட்டிடணும்."

வாடிக்கைக்காரிகள் யாரும் வெறுங்கையோடு போவதில்லை. முடிக்குச் சாயம் பூசும்போது சுற்றும் வெள்ளித்தாள் ஒன்றைக் கிழித்து, ஈரக் காகிதத்தில் நாலு தண்டை வைத்துச் சுருட்டிக் கொடுப்பார். கூடவே புத்திமதியும் வரும். "ஃப்ரிட்ஜுல வைக்காத, கருத்துடும். பூ வைக்கிற மாதிரி டம்ளர் தண்ணில வை. கத்தியால நறுக்காத, கையால பிச்சுப் போடு. அதுவும் அடுப்ப அணைச்சப்புறம். கொதிக்கவிட்டியோ, வாசனையெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயிடும், உனக்கு வைக்கோல்தான் மிஞ்சும்."

பக்கத்து நாற்காலி மருமகளுடையது. சாயம் பூசுவது, சுருட்டுவது, நீட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. வெட்டு மட்டும் வெகுநாள் அக்காவிடமே இருந்தது. மகன் லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி நாள் ரோட்டில். ஆகையால் வீடு என்பது பெரும்பாலும் இந்த இரண்டு பெண்கள்தான். கல்யாணமாகி வந்த புதிதில், அக்கா மக்ரோனிக்காகக் கொதிக்கும் தக்காளியை இறக்கி இலையைப் பிய்த்துப் போட்டதைப் பார்த்து மருமகள் பதறியிருக்கிறாள்.

"ஐயோ அத்தை, துளசியப் போயா சமையல்ல போடறீங்க?"

"துளசி இல்லம்மா. துளசிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. அவ மருந்துக்கு, இவ விருந்துக்கு."

அன்று மருமகள் மூன்று தட்டு மக்ரோனி சாப்பிட்டாள் என்று அக்கா சொல்வார். இரண்டு என்று மருமகள் சாதிப்பாள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

கூட்டமில்லாத மத்தியானங்களில் அக்கா ஒரு இலையைக் கசக்கி மூக்கருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு அவராகவே எங்கோ நடுவிலிருந்து ஆரம்பிப்பார். "அந்த ரூம்ல வெளிய மழை பேஞ்சா உள்ளயும் பேயும்."

அந்த ரூம் ஒரு பழைய கட்டடத்தின் கடைசி மாடியில் இருந்தது. அக்கா அப்போதுதான் தொழிலுக்கு வந்திருந்தார். கூடத் தங்கியிருந்தவள் ஒரு ஹோட்டல் சமையலறையில் எடுபிடி வேலை பார்த்தவள். கதவு நிலையில் தினமும் தலையை இடித்துக்கொள்ளும் உயரம். அதனால் அக்கா அவளை நெட்டை என்று கூப்பிட்டார். தூக்கத்தில்கூட அக்காவின் இரண்டு விரல்கள் எதையோ வெட்டிக்கொண்டிருந்ததால் நெட்டை இவருக்குக் கத்திரி என்று பேர் வைத்தாள். பெற்றவர்கள் வைத்த பெயரை எல்லாரும் மறந்துபோய், இந்தப் பெயர்தான் நிலைத்தது.

ஒருநாள் சாயங்காலம் நெட்டை தன் ஏப்ரனுக்குள்ளிருந்து வாடிப்போன சில தண்டுகளை எடுத்தாள். ஹோட்டலில் குப்பைக்குப் போக வேண்டியவை.

"இது என்னடி கீரை?"

"கீரையில்ல, பேசில். எங்க பெரிய சமையக்காரர் இதை மோந்து பாத்துட்டுத்தான் காலையில கண்ணத் தொறப்பார்."

பல் தேய்க்கும் பிரஷ்களை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அந்த டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தண்டுகளை நிறுத்தினார்கள். அடி இலைகளை உருவிவிட வேண்டும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பாதி அழுகிப்போயிற்று. ஒன்று மட்டும் பிடிவாதமாக நின்றது. ஒரு காலையில் நெட்டை டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "ஏய் கத்திரி, வேர் விட்டுருச்சுடி!" என்று போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் கூரையைத் தட்டினார். இரண்டு பேரும் தரையில் குந்தி உட்கார்ந்து, வெள்ளை நூல் மாதிரித் தொங்கிய அந்த வேரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று இருவருமே வேலைக்குத் தாமதம்.

நெட்டைக்கு விடுமுறை வரும் நாளில் அந்த ரூமில் விருந்து. ஒற்றை அடுப்பில் ரொட்டித் துண்டுகளை நேராக நெருப்பில் காட்டி, மேலே பூண்டைத் தேய்ப்பாள். பழுத்துக் கனிந்த தக்காளியைக் கையாலேயே நசுக்கிப் பரப்பி, உப்பு, எண்ணெய், கடைசியில் பிய்த்துப்போட்ட பேசில். தட்டு ஒன்றுதான். கட்டிலில் உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு தின்பார்கள். தக்காளிச் சாறு முழங்கை வரை ஒழுகும். அந்த நேரத்தில்தான் பெரிய திட்டங்களெல்லாம் உருவாகும். நெட்டை ஒரு ஹோட்டல் வைப்பாள், ஒட்டினாற்போல் அக்கா ஒரு முடிவெட்டும் கடை வைப்பார், சாப்பிட வருகிறவள் முடி வெட்டிக்கொண்டு போவாள்.

"சாப்பாட்டுல முடி கெடந்தா உன் கடையா என் கடையான்னு சண்டை வராதா?" என்று நெட்டை கேட்பாள். இதைச் சொல்லும்போது அக்கா இப்போதும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். "அதே ரொட்டிதான், அதே தக்காளிதான். நானும் செஞ்சு பாக்கறேன். வயித்துல அந்தப் பசி இல்லையே, என்ன பண்றது?"

நெட்டைக்கு ஒரு கப்பலின் சமையலறையில் வேலை கிடைத்தது. புறப்படும்போது செடியை அக்காவிடம் நீட்டினாள். "நீயே வச்சுக்க. கப்பல்ல எனக்கு நிமிந்து நிக்கவே எடம் இருக்காது, இதுக்கு எங்க போவேன்?" சில மாதங்களில் அக்காவும் அந்த ரூமைக் காலிசெய்தார். பெட்டியைப் பஸ்ஸின் கூரையில் போட்டுவிட்டு, செடித் தொட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நெட்டை சில வருடங்கள் போன் செய்தாள். பிறகு இல்லை. "சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. தூரம் ஜாஸ்தியாப் போச்சு, அவ்வளவுதான்" என்பார் அக்கா. நெட்டை இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது.

ஆனால் செடி இருக்கிறது. பேசில் அதிக நாள் வாழும் செடியல்ல. தண்டு மரம்போல் ஆகி ஓய்ந்துவிடும். அதற்குமுன் ஒரு நுனியை வெட்டித் தண்ணீரில் வைத்து வேர் விட்டதும் வேறு டப்பாவுக்கு மாற்றிவிடுவார். அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று. "அந்தச் செடி எப்பவோ போய்ச்சேந்தாச்சு அத்தை, இது அதோட எள்ளுப்பேத்தி" என்று மருமகள் சீண்டுவாள். அக்கா ஒத்துக்கொள்ளமாட்டார். "பேத்தின்னா வெதையில மொளச்சிருக்கணும். இது அவ கையையே வெட்டி நட்டது. அவளேதான்."

நடுவில் ஒரே ஒருமுறை அந்தத் தொடர்ச்சி அறுந்திருக்கிறது. அக்காவின் கணவர் இறந்த மாதத்தில் கடை பூட்டிக் கிடந்தது. மறுபடி திறந்தபோது டப்பாக்களில் சருகுதான் இருந்தது. அக்கா எல்லாவற்றையும் கூட்டித் தள்ளினார். சில நாள் கழித்துத் தலை அலச வந்த டீச்சர், அக்காவின் நெடுநாள் வாடிக்கைக்காரி, கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளே வேர்விட்ட பேசில். "நீ கொடுத்த தண்டுதான். சமைக்க மனசு வராம நட்டு வச்சேன். எங்க வீட்டுல காடா வளந்து கெடக்கு" என்றார். கணவரின் சாவுக்குக்கூட நாலு பேர் முன்னால் அழாதவர், அன்று டீச்சரின் தலையில் நுரையோடு கையை வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார். டீச்சர் தொட்டியில் தலையைச் சாய்த்தபடியே அசையாமல் கிடந்தார்.

அந்த டீச்சரின் காதைத்தான் போன வருடம் அக்கா வெட்டிவிட்டார்.

பெரிய காயமில்லை. காது மடலில் ஒரு கீறல், பஞ்சை வைத்ததும் ரத்தம் நின்றுவிட்டது. "ரெண்டு காது இருக்கே, விடு" என்று டீச்சர் சிரித்தார். ஆனால் அக்கா அன்றைக்குப் பிறகு வேறொருவர் ஆகிவிட்டார். முடிவெட்ட யார் வந்தாலும் மருமகள் பக்கம் கை காட்டினார். கேட்டால் கண்ணாடி பவர் மாறிவிட்டது என்றார். கண்ணாடி மாற்றியதும் முழங்கால் என்றார். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். குளிர் என்றார்.

மருமகளுக்கு இது வேறு மாதிரி பட்டது. அதற்கு முந்தின வாரம்தான் அவள் நல்ல மனசோடு, "நீங்க கொஞ்சம் ஓய்வெடுங்க அத்தை, வெட்டையும் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தாள். அது மாமியார் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தாள். கேட்கும் அளவுக்கு நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று கோபமும் வந்தது. பேச்சு குறைந்தது. சாப்பாட்டு மேஜையில் உப்பு, தண்ணீர், போதும் என்ற மூன்று வார்த்தைகள்தான் நடமாடின. மக்ரோனி வழக்கைக்கூட யாரும் எடுக்கவில்லை.

ஒரு காலையில், முட்டைப் பொரியலுக்கு இலை பறிக்க மருமகள் ஜன்னலுக்கு வந்தாள். பாதித் தூக்கத்தில் கையை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள்.

தண்டுகள் கிழிபட்டிருந்தன. ஒரு வெட்டு சரியான இடத்துக்கு மேலே நீளமாய்க் குச்சியை விட்டிருந்தது. இன்னொன்று கீழே இறங்கி ஜோடி இலையில் ஒன்றைச் சேர்த்து அரிந்திருந்தது. ஒரே தண்டில் இரண்டு மூன்று தடவை முயன்ற கத்திரித் தடம். ஒரு தலையைப் பார்த்ததும் இது எந்தக் கடையின் வெட்டு என்று சொல்கிறவள் அவள். கல்யாணமாகி வந்ததிலிருந்து தினமும் பக்கத்தில் நின்று பார்த்த கை இது. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. போய் அணைத்துவிட்டு வந்தாள்.

அக்கா தலை அலசும் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மருமகள் டப்பாவை அவர் முன்னால் வைத்தாள்.

"அத்தை, இது யாரு வெட்டு?"

"ஏன், நான்தான்."

"இது உங்க வெட்டு இல்லையே."

அக்கா தொட்டியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "கத்திரி மழுங்கிடுச்சு."

"போன வாரம்தான் சாணை பிடிச்சோம்."

"அப்ப செடி மொரடாயிடுச்சு."

"அத்தை."

அக்கா குழாயை மூடினார். கையைத் துண்டில் துடைத்தார். துடைத்த கையைத் துண்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். மருமகள் துண்டை மெதுவாக உருவினாள். வலது கை சின்னச் சின்னதாக ஆடிக்கொண்டிருந்தது.

"எப்பலேருந்து?"

"தெரியல. மொதல்ல கத்திரியப் பிடிச்சா மட்டும் வந்துச்சு. அப்புறம் ஸ்பூனப் பிடிச்சாலும். இப்ப சும்மா நீட்டினாலும் ஆடுது." அக்கா அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். "எங்கப்பாவுக்கும் இருந்துச்சு. ஆனா அவர் கையில யாரு தலையும் இல்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல? நான் என்னமோ சொன்னதுக்குக் கோவிச்சுக்கிட்டீங்கன்னு இத்தன நாளா நான்…"

"நீ ஓய்வெடுன்னு சொன்னப்ப பயந்துட்டேம்மா. கண்டுபிடிச்சுட்டாளோன்னு."

மருமகள் அழ ஆரம்பித்தாள். அக்கா ஆடுகிற கையாலேயே அவள் முதுகைத் தடவினார். "அழாத. இப்பப் பாரு, தடவுறதுக்கு இந்தக் கை வசதியாத்தான் இருக்கு, அதுவாவே போய்ட்டு வருது" என்றார். அழுகைக்கு நடுவே மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து, நடுவிலிருந்து வெளியே சுருள் சுருளாக ஒரு கோடு போடச் சொன்னார். அக்கா போட்டார். கோடு முழுக்க நெளி நெளியாக வந்தது. தாளைத் தூக்கிப் பார்த்து, "அடேயப்பா, நல்ல சுருட்டை முடி" என்றார். டாக்டருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. இருவரும் உள்ளுக்குள் பயந்த பார்க்கின்சன் வியாதி இல்லை, பரம்பரையாக வரும் கைநடுக்கம்தான் என்றார். மாத்திரையில் குறையும், முழுக்கப் போகாது. கூர்மையான கருவிகளோடு இனி வேலை வேண்டாம். அக்கா தலையை ஆட்டினார். வீடு வந்ததும் ரொட்டியை நெருப்பில் காட்டித் தக்காளியை நசுக்கினார். கத்தியில்லாமல் செய்கிற சமையல் அது ஒன்றுதான். பேசிலைப் பிய்த்துப் போட்டு, தட்டு ஒன்றே ஒன்றை எடுத்துவந்து மருமகளுக்கும் தனக்கும் நடுவில் வைத்தார். சாறு முழங்கை வரை ஒழுகியதை அன்று யாரும் துடைக்கவில்லை.

இப்போது கடையில் தலை அலசுவது அக்காவின் பொறுப்பு. அதற்கென்றே வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். செடியின் நுனியைக் கத்திரியால் வெட்டுவதில்லை, நகத்தால் கிள்ளுகிறார். "இத்தன வருஷமா கத்திரிய நம்பி நகத்த மறந்துட்டேன்" என்கிறார். டீச்சர் இப்போது மருமகளின் நாற்காலியில் உட்கார்கிறார். உட்காரும் முன் இரண்டு காதையும் கையால் பொத்திக் காட்டுவார். அக்கா பதிலுக்கு நுரைக் கையை ஓங்கிக் காட்டுவார். பழைய கத்திரிகளைத் தோலுறையில் போட்டு மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டார். அந்த இழுப்பறையை யாரும் திறப்பதில்லை.

கடைக்கு விடுமுறையான ஒரு காலை. அக்கா வேர்விட்ட தண்டுகளை டப்பாவுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். தலைக்குக் குளித்துவிட்டு வந்த மருமகள் ஈரமுடியை அவிழ்த்துவிட்டபடி, அக்காவின் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். இழுப்பறையைத் திறந்து தோலுறையை எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தாள். துணியை எடுத்துத் தானே கழுத்தில் கட்டிக்கொண்டாள்.

"நுனியெல்லாம் பொளந்து கெடக்கு அத்தை. ரெண்டு விரல் எடுத்துவிடுங்க."

"வெளையாடாத."

"என் தலைய நானே வெட்டிக்க முடியுமா? வேற கடைக்குப் போய் உக்காந்தா நம்ம தொழிலுக்கே அசிங்கம்."

"காது?"

"கழுத்துக்குக் கீழதானே வெட்டப் போறீங்க. காது அங்க வராது."

அக்கா மண் கையைக் கழுவினார். நேரம் எடுத்துக் கழுவினார். பிறகு வந்து பின்னால் நின்று சீப்பை எடுத்தார். முடியைச் சீவி, இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, கை அடங்கும்வரை காத்திருந்து, ஒரு வெட்டு. மறுபடி காத்திருந்து, இன்னொரு வெட்டு. ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஈரமுடி துண்டு துண்டாகத் தரையில் விழுந்தது. தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துப் போனது. எப்போதும் சட்டென்று முடிகிற வேலை, அன்று வெயில் ஒரு கண்ணாடியிலிருந்து அடுத்த கண்ணாடிக்கு நகரும்வரை நடந்தது.

கத்திரியைக் கீழே வைத்துவிட்டு அக்கா கண்ணாடியில் பார்த்தார். இடது பக்கம் அரை விரற்கடை நீளமாக இருந்தது. தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அளவு. ஆனால் தொழில் தெரிந்த இரண்டு பேருக்கும் அது தெரியாமல் போகாது. அக்காவின் கை மறுபடி கத்திரியை நோக்கி நகர்ந்தது.

மருமகள் கண்ணாடியில் அத்தையைப் பார்த்தபடி, தலையை வலது பக்கமாக லேசாகச் சாய்த்துக்கொண்டாள். முடியின் இரண்டு ஓரமும் சமமாக வந்து நின்றன. அப்படியே, சாய்த்த தலை சாய்த்தபடி, கழுத்துத் துணியை அவிழ்த்து உதறினாள்.